ஓக் மரச்சட்ட வீட்டு விடுதி: படிப்பது எப்படி, பழுது பார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் லட்லோ என்றொரு ஊர். அங்கே புல் ரிங் தெருவில் நிற்கும் ஃபெதர்ஸ் விடுதியை 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் தம் வீடாகத்தான் கட்டினார். அது விடுதியானது 1670 வாக்கில். வாசற்கதவின் பூட்டுத் தகட்டில் அவருடைய முதலெழுத்துகள் 'ஆர். ஐ.' என்று இன்றும் இருக்கின்றன; அந்தக் காலத்தில் 'ஜே'க்கும் 'ஐ' எழுத்தையே எழுதினார்கள். முகப்பு முழுக்க ஓக் மரச் செதுக்கல். அதிலுள்ள நெருப்புக்கோழி இறகுகள்தான் விடுதிக்கு 'ஃபெதர்ஸ்' (இறகுகள்) என்ற பெயர் கொடுத்தவை.

இப்படி வீடாகப் பிறந்து விடுதியான மரச்சட்டக் கட்டடங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. விடுதியாகவே கட்டப்பட்டவற்றிலிருந்து இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளோஸ்டரின் நியூ இன் 15ஆம் நூற்றாண்டில் மடத்துக்கு வந்த யாத்திரிகர்களுக்கென்றே எழுப்பியது. லண்டன் சதர்க்கில் 1676 தீ விபத்துக்குப் பிறகு 1677இல் மறுபடி கட்டிய ஜார்ஜ் இன் வண்டிப் பயணிகளுக்கானது. இரண்டிலும் முற்றமும், முற்றத்தைப் பார்த்த மரத் தாழ்வாரமும் தொடக்கத்திலேயே திட்டமிட்டவை. வீடாக இருந்து விடுதியானதில் எல்லாமே பின்னால் வெட்டிச் சேர்த்தது. பழுதும் பெரும்பாலும் அந்த வெட்டிலும் சேர்ப்பிலும்தான் தொடங்கும். கட்டடக்கலை மாணவருக்கும், அங்கே பணியாற்றும் பொறியாளருக்கும், இப்படியொரு கட்டடத்தை எடுத்து நடத்தப்போகிறவருக்கும் பயன்படும்படி, படிக்கும் முறையையும் பழுது பார்க்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறோம். படிக்காமல் பழுது பார்க்க முடியாது.

எலும்புக்கூடு

இந்த வீடுகளில் சுவர் பாரம் தாங்குவதில்லை. முழுப் பாரமும் மரச்சட்டத்தில் இறங்குகிறது. கல்லிலோ செங்கல்லிலோ குட்டையான அடிமேடை. அதன்மேல் கிடையாகப் படுத்த அடிச்சட்டம். அதில் குத்தி நிற்கும் தூண்கள். தூண்களின் தலைகளை நீளவாக்கில் கோக்கும் தலைச்சட்டம். எதிரெதிர்த் தூண்களை அகலவாக்கில் பிணைக்கும் இழுவிட்டம். கூரைப் பாரத்தில் கைமரங்கள் கால் விரித்துச் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது இந்த விட்டம்தான். தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே சாய்வாகப் போகும் கட்டைகள், காற்றடிக்கும்போது மொத்தக் கூடும் ஒரு பக்கமாகச் சரியாமல் முட்டுக் கொடுக்கின்றன.

இரண்டு ஜோடித் தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஓர் அங்கணம். பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர். அளக்கப் போகிறவர் முதலில் எண்ண வேண்டியது அங்கணங்களை. அறைத் தடுப்புகளை விடுதிக்காரர்கள் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றியிருப்பார்கள், அங்கணத்தை மாற்றியிருக்க முடியாது. ஒரு தாளில் அங்கணக் கோடுகளை மட்டும் போட்டு, ஒவ்வொரு தூணையும் தரைத்தளம், மாடி, பரண் மூன்றிலும் தேடிக் குறியுங்கள். மாடியில் இருக்கும் தூண் கீழே காணாமல் போனால் அங்கே சிவப்பு வட்டம் போடுங்கள். யாரோ அதை அறுத்திருக்கிறார்கள். பாரம் வேறு வழியில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மூட்டுகளில் இரும்பு கிடையாது. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு, அதாவது கழுந்து, அடுத்த மரத்தின் குழிக்குள் போய் உட்காரும். இரண்டையும் துளைத்து மர முளை அடிப்பார்கள். கழுந்தின் துளையைக் குழியின் துளைக்கு நேராக இடாமல், தோள்பக்கமாக 3 மி.மீ. அளவுக்குத் தள்ளி இடுவதில்தான் நுட்பம் இருக்கிறது. முளை உள்ளே போகும்போது லேசாக வளைந்து கழுந்தைக் குழிக்குள் இழுக்கும். மூட்டு ஆயுளுக்கும் இறுகியே இருக்கும். முளை 19 முதல் 25 மி.மீ. தடிமன் கொண்டது, காய்ந்த ஓக்கை நாரோட்டத்தில் பிளந்து செய்தது. அறுத்த குச்சியில் நார் குறுக்கே வெட்டுப்படும், அடிக்கும்போதே முறியும். இன்று கடையில் வாங்கும் கடைசல் உருளைக் குச்சியை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

சட்டம் முழுவதும் பச்சை மரம். வெட்டி ஓராண்டுக்குள் இழைத்துப் பூட்டிவிடுவார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. வீடு எழும்பிய பிறகுதான் மரம் காயும். ஓக் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்கே, வளையச் சுற்று வாக்கில் சுமார் 7 முதல் 8 சதவீதம், ஆர வாக்கில் அதில் ஏறத்தாழப் பாதி சுருங்கும். இந்த வேறுபாட்டால் மரம் முறுக்கும், நாரோட்டத்தில் வெடிக்கும். வெடிப்பு நீளவாக்கில் ஓடினால் அஞ்ச வேண்டியதில்லை. குறுக்கே ஓடினால், அல்லது மூட்டின் தோளிலிருந்து சாய்வாகக் கிளம்பினால், உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இதனால் கோணலும் இயல்பானது. கோணல் நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சன்னல் சட்டத்தைக் கோணலுக்கு ஏற்பச் சாய்வாக இழைத்துப் பொருத்தியிருந்தால், அந்தச் சாய்வு சன்னலைவிடப் பழையது. வெடிப்புக்குள் தூசும் பழைய வெள்ளைப் பூச்சும் படிந்திருந்தால் அது முதிய வெடிப்பு. உள்ளே மரத்தின் நிறம் புதிதாகப் பளிச்சிட்டால் நகர்வு இன்னும் நடக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் அளவுகோல் பதித்த கண்காணிப்புத் தகடுகளை ஒட்டி, ஓராண்டு முழுக்க மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். கோடையில் விரிந்து குளிரில் மூடும் வெடிப்பு மரம் மூச்சு விடுவதைக் காட்டும். ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பது ஆபத்து.

வயதைக் கண்டுபிடிக்க

முகப்பை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளை என்று எல்லோரும் படம் பிடிக்கும் அந்தத் தோற்றம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. அதற்கு முன்பு ஓக்கைச் சாம்பல் நிறத்துக்கு முதிர விட்டார்கள். பல இடங்களில் மரம், சுவர் என்று பாராமல் சுண்ணாம்பு அடித்தார்கள். பலகையின் மேல் கறுப்புக் கோடு இழுத்த போலிச் சட்டங்களும் உண்டு. அடையாளம் எளிது: முளைத் தலைகளைத் தேடுங்கள். மூட்டில் முளை இல்லையென்றால் அது ஒட்டுப் பலகை.

உண்மையான வயது பரணில் இருக்கிறது. நல்ல விளக்கோடு ஏறிப் பாருங்கள். கைமரங்களில் பளபளக்கும் கரிப் புகை படிந்திருந்தால், கீழே ஒரு காலத்தில் கூரை வரை திறந்த கூடமும் நடுவில் வெறுந்தரை அடுப்பும் இருந்தன. அத்தகைய கூடங்களில் மாடித் தளமும் புகைபோக்கியும் பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நுழைந்தவை. ஆகவே கூடத்தின் மேல் இன்று இருக்கும் தளம் பின்னால் வந்தது. அதன் கட்டைகள் தூண்களில் எப்படி மாட்டியிருக்கின்றன என்று தனியாகச் சோதிக்க வேண்டும். அந்தக் கரியைத் துடைத்துவிடாதீர்கள், அதுவே சான்று.

தளக்கட்டைகளும் பேசும். இடைக்காலத் தச்சர்கள் அவற்றை அகலப் பக்கம் கீழாகப் படுக்க வைத்தார்கள். உயரப் பக்கம் நிமிர்த்தி வைத்தால் பலம் அதிகம் என்ற வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் பரவியது. தலைச்சட்டத்தின் அடிப்பக்கம் வைர வடிவில் சிறு குழிகள் வரிசையாக இருந்தால் அங்கே கண்ணாடியில்லாத கம்பிச் சன்னல் இருந்தது. பக்கத்தில் ஓடும் காடி, இழுத்து மூடும் பலகைக்கானது. மேல் மரத்தில் வட்டத் துளைகள், கீழ் மரத்தின் தலையில் நீண்ட காடி என்றால் நடுவில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர் இருந்திருக்கிறது, இன்று அங்கே செங்கல் தெரிந்தாலும் சரி.

மூட்டுகளுக்கு அருகே உளியால் கீறிய ரோம எண்களையும் தேடுங்கள். சட்டத்தைத் தச்சர் களத்தில் தரையில் பரப்பிக் கோத்து, எண்ணிட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றி, இடத்தில் மறுபடி கோப்பார்கள். 4க்கு நான்கு கோடுகள், 9க்கு ஐந்தின் குறியோடு நான்கு கோடுகள். கழித்துச் சொல்லும் எண்முறை தலைகீழாகப் பார்க்கும்போது குழப்பும். எண்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக ஓடினால் சட்டம் இடம் மாறவில்லை. நடுவில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தால் அந்த மரம் வேறெங்கோ இருந்து வந்தது. கப்பல் மரம் என்று எல்லா விடுதியிலும் ஒரு கதை சொல்வார்கள். காரணமில்லாத குழிகள் கொண்ட பழைய மரம் அநேகமாக இடித்த இன்னொரு வீட்டிலிருந்து வந்ததுதான்.

துல்லியமான ஆண்டு தெரிய வேண்டுமென்றால் மர வளையக் கணிப்பு. விரல் தடிமனுக்கு ஒரு நீள மாதிரியைத் துளைத்தெடுத்து வளையங்களை அளப்பார்கள். குறைந்தது 50 வளையமாவது வேண்டும். பட்டைக்கு ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும், சில சமயம் பருவம்கூட. வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை, சுற்றிய மென்மையான வெளிப்பகுதியான வெள்ளை மரத்தின் எல்லை மட்டும் தெரிந்தால், இங்கிலாந்து ஓக்குக்கு 9 முதல் 41 வெள்ளை வளையங்கள் என்ற வழக்கமான கணக்கைக் கூட்டி ஒரு கால இடைவெளியைத்தான் சொல்ல முடியும். அதனால் பட்டை விளிம்புள்ள மரத்தை யாரும் சுத்தம் என்ற பெயரில் இழைத்துவிடாமல் காப்பாற்றுங்கள்.

விடுதியானபோது வெட்டியவை

வீடு விடுதியாகும்போது வாசலும் வழியும் மாறும். புதிய கதவுக்காகச் சாய்வுக் கட்டையை அறுப்பார்கள். அறுத்தது தூணில் தெரியும்: வெறுமையான சாய்வுக் குழியும் அதில் ஒடிந்த முளையும். ஒன்று போனால் சட்டம் தாங்கும். ஒரே அங்கண வரிசையில் இரண்டு மூன்று போயிருந்தால் கட்டடம் அந்தத் திசையில் சாய்ந்திருக்கும். சாய்வுக்கு அடிமண்ணைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

இழுவிட்டம் அதைவிட முக்கியம். மாடி அறைகளுக்கு நடுவே நடைபாதை தேவைப்பட்டபோது, இடுப்பளவு உயரத்தில் குறுக்கே நின்ற விட்டத்தை, வழியை மறிக்கிறது என்று நடுவில் அறுத்துக் கதவு வைத்த வீடுகள் உண்டு. அப்போது கைமரங்கள் சுவர்களைத் தள்ளத் தொடங்கும். தூணின் தலைக்கும் விட்டத்தின் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரியும். தலைச்சட்டம் வெளிப்பக்கமாக உருளும். இதற்குத் தீர்வு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலோ பட்டையாலோ இழுப்பைத் திரும்பக் கொடுப்பது. அதன் பாதையும் அளவும் பொறியாளர் கணக்கிட வேண்டியவை.

தெருவை நோக்கித் துருத்தும் மாடியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தளக்கட்டைகள் கீழ்ச் சுவரைத் தாண்டி அரை மீட்டர் போல வெளியே நீள, மேல்மாடிச் சுவர் அந்த நுனிகளில் நிற்கும். நுனியில் இறங்கும் பாரம் உள்பக்கத் தளத்தைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது. உள்பக்கத் தளம் நுனியைக் கீழே போகாமல் பிடிக்கிறது. தராசு போன்ற இந்தச் சமநிலை, மாடிப்படிக்காகவோ புகைபோக்கிக்காகவோ உள்ளே நான்கு கட்டைகளை அறுத்தால் கெடும். முகப்பு அந்த இடத்தில் மட்டும் தொங்கும். இரண்டு பக்கமும் துருத்தும் முனைவீடுகளில், இரு திசைக் கட்டைகளும் வந்து சேர மூலைக்குச் சாய்வாக ஒரு கனத்த உத்தரம் ஓடும். அதன் நுனி மழையில் நனையும் இடம், அதன் கீழே நிற்கும் முனைத்தூண் வண்டிச் சக்கரம் இடிக்கும் இடம். கட்டடத்தில் ஒரே ஒரு மரத்தைத்தான் சோதிக்க நேரமிருக்கிறது என்றால் அந்த மூலையைச் சோதியுங்கள்.

சில இடங்களில் துருத்தும் மாடியின் கீழேயே செங்கல் சுவர் எழுப்பித் தரைத்தளத்தை முன்னே இழுத்திருப்பார்கள். உள்ளே போனால் பழைய வெளிச்சுவரின் தூண்கள் மதுக்கூடத்தின் நடுவில் நிற்கும். இடம் அடைக்கிறது என்று அவற்றை எடுக்கச் சொல்லும் யோசனை அடிக்கடி வரும், ஏற்கக் கூடாது.

தண்ணீர் எங்கே நிற்கிறது

ஓக்கின் வைரம் நனைந்தால் கெடாது, நனைந்தே கிடந்தால் கெடும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மரம் தின்னும் பூஞ்சணத்துக்கு வழி திறக்கிறது. சூடாக்கிய அறைக்குள் மரம் 10 முதல் 12 சதவீதத்தில் இருக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: மெல்லிய குத்தூசி, சிறு சுத்தியல், ஊசிமுனை ஈரமானி, கைவிளக்கு. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல மரம், பொத்தென்றால் உள்ளே வெறுமை. ஓக் வெளியே ஓடு போல நின்று உள்ளே இற்றிருக்கும் பழக்கம் உடையது. குத்தூசி 5 மி.மீ. போனால் அது வெள்ளை மரம் மட்டுமாக இருக்கலாம், 30 மி.மீ. போனால் வேலை இருக்கிறது. ஈரமானிக்கு உறையிட்ட நீள ஊசிகள் வாங்குங்கள். மேற்பரப்பு அளவு நேற்றைய மழையைத்தான் சொல்லும். பெரிய உத்தரங்களுக்கு நுண்துளை எதிர்ப்புச் சோதனை உண்டு. 3 மி.மீ. ஊசித் துளைப்பான் எங்கே வெறுமையில் விழுகிறது என்று வரைபடமாகத் தரும்.

தேட வேண்டிய இடங்களில் அடிச்சட்டம் முதலில் வரும். நூற்றாண்டுகளாகத் தெருமட்டம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த அடிச்சட்டம் இன்று நடைபாதைக் கல்லுக்குச் சமமாகவோ அதற்கும் கீழோ புதைந்திருக்கும். அடுத்து தூண்களின் பாதம், அதற்கு அடுத்து சன்னலுக்குக் கீழுள்ள கிடைச்சட்டத்தின் தலைக் காடி, பிறகு மழைத்தண்ணீர்க் குழாய் கசியும் மூலை. இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் ஈயத்தகடு கிழிந்திருந்தால் அதன் நேர் கீழே உள்ள மூட்டு.

இவற்றைவிட அதிக மரத்தைத் தின்றது சிமெண்ட். பழைய மண் சுவருக்கும் மரத்துக்கும் இடையில் எப்போதும் மயிரிழை இடைவெளி இருக்கும், நீர் போகும், காற்றில் காயும். சட்டங்களுக்கு இடையே சிமெண்ட் பூசினால் மரம் அசைய, சிமெண்ட் அசையாமல் நிற்க, விளிம்பில் கீறல் விழும். கீறல் நீரை உறிஞ்சும். சிமெண்ட் அதை வெளியே விடாது. நீர் மரத்தின் பக்கவாட்டில் தங்கும். அந்த விளிம்பில் ரப்பர்ப் பசை இழைத்து அடைப்பதும் இதே தவறுதான். மரத்துக்கு அடித்த தார், கறுப்பு எண்ணெய்ப் பூச்சு, செங்கல் சுவருக்கு அடித்த பிளாஸ்டிக் வர்ணம் எல்லாம் ஒரே குற்றத்தின் வேறு வேறு வடிவங்கள்.

வண்டுக்கு அஞ்சிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 1 முதல் 2 மி.மீ. துளைகள் மரச்சாமான் வண்டினுடையவை. பெரும்பாலும் வெள்ளை மரத்தைத் தின்று நிற்கும். சுமார் 3 மி.மீ. துளையும், வசந்தத்தில் மரத்துக்குள்ளிருந்து தட்டும் ஓசையும் மரணக்கடிகார வண்டின் அடையாளம். அது பூஞ்சணம் பதப்படுத்திய ஈர ஓக்கைத் தேடி வருவது. துளை இருப்பதாலேயே வண்டு இருப்பதாக எண்ண வேண்டாம். துளைகளின் மேல் மெல்லிய தாளை ஒட்டி வசந்தம் முடியும்வரை விட்டுப் பாருங்கள். தாள் துளைபட்டால்தான் வண்டு உயிரோடு இருக்கிறது. மருந்து தெளிப்பு மேல்தோலோடு நின்றுவிடும், புழுவோ ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் வாழும். ஈரத்தின் வழியை அடைத்தால் மரம் காயும், வண்டின் குடித்தனம் தானே சுருங்கும்.

உளி எடுக்கும் முன்

இங்கிலாந்தில் இத்தகைய கட்டடங்கள் அநேகமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். ஃபெதர்ஸ் முதல் தரப் பட்டியல்; பட்டியலிலுள்ள கட்டடங்களில் சுமார் 2.5 சதவீதம்தான் அந்தத் தரம். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே என்றாலும் வெளியே என்றாலும், உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் செய்வது குற்றவியல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மீறலையும் சரிசெய்யும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும், அதற்குக் காலவரம்பு இல்லை. ஆகவே வாங்கும் முன் பழைய அனுமதிகளைக் கேட்டு, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கூரையில் கை வைப்பதென்றால் வௌவால் ஆய்வும் முன்னதாக வேண்டும். அவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை, தவறான பருவத்தில் தொடங்கினால் வேலை மாதக்கணக்கில் நிற்கும்.

கொள்கை ஒன்று பழையது: 1877இல் வில்லியம் மோரிஸ் முதலானோர் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், புதுக்கித் திரும்பக் கட்டுவதை எதிர்த்து, இருப்பதைப் பழுது பார்த்துக் காக்கச் சொன்னது. நடைமுறையில் அதன் பொருள், இற்றதை மட்டும் எடுப்பது, நல்லதைத் தொடாமல் விடுவது, புதியதைப் புதியதாகவே தெரிய விடுவது.

இற்ற தூண் பாதத்துக்கு ஒட்டு

அதிகம் வரும் வேலை இதுதான், ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தண்ணீர். நடைபாதையைத் தாழ்த்தவோ, சுவரோரம் கூழாங்கல் வடிகால் வெட்டவோ, குழாயை மாற்றவோ வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு ஒட்டுப் போட்டால், புதிய மரம் பழையதைவிட விரைவில் போகும். அதில் வெள்ளை மரம் அதிகம்.

இரண்டாவது முட்டு. தூணின் இருபுறமும் விட்டத்துக்குக் கீழே குறுக்குக் கட்டை கொடுத்து, இரும்புத் திருகுமுட்டுகளால் பாரத்தை ஏற்றுங்கள். முட்டு திடமான தரையில் நிற்க வேண்டும். கீழே நிலவறை இருந்தால் நிலவறைத் தரை வரை முட்டு இறங்க வேண்டும். விடுதிகளில் பீப்பாய் அறை இருப்பதை மறந்து மேல்தளப் பலகையில் முட்டு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. பாரம் முட்டுக்கு மாறும் அளவுக்கு, ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் திருகுங்கள். தூக்கி நிமிர்த்தும் ஆசை வேண்டாம். சட்டம் அந்தக் கோணலிலேயே காய்ந்து இறுகிவிட்டது. ஓரிடத்தைத் தூக்கினால் இன்னோரிடத்தில் கழுந்து ஒடியும்.

மூன்றாவது வெட்டு. இற்றதை நல்ல மரம் வரும்வரை மட்டும் அறுத்தெடுங்கள். ஒட்டு மூட்டின் நீளம் தூணின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். இரண்டு மரமும் பாதிப் பாதியாகத் தழுவி, நுனிகள் ஒன்றுக்குள் ஒன்று கவ்வ வேண்டும். வெளிமுகத்தில் தெரியும் கிடைவெட்டு வெளிப்பக்கம் சரிந்திருப்பது கட்டாயம். உள்பக்கம் சரிந்தால் மூட்டே நீர்த்தொட்டியாகும். புதிய துண்டின் நாரோட்டமும் வளையத் திசையும் பழையதோடு ஒத்திருக்கட்டும். பழைய தூண் காய்ந்தது, புதியது பச்சை என்றால் மூட்டு சில ஆண்டுகளில் இளகும். இங்கே உலர்ந்த ஓக்கைத் தேடுங்கள். கனத்த மரம் உலர்வது மெதுவாக நடக்கும், 25 மி.மீ. தடிமனுக்கு ஓராண்டு என்பது வழக்கக் கணக்கு. எனவே மரத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அல்லது பழைய ஓக் வாங்க வேண்டும்.

முளையோடு போல்ட் தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு. ஓக்கின் துவர்ப்பு அமிலம் சாதாரண இரும்பை அரிக்கும், மரத்தில் கருநீலக் கறை வழியும். ரெசின் பசையால் இற்ற மரத்தை நிரப்புவது உள்ளறையில் அலங்கார உத்தரத்தைக் காக்க உதவலாம். மழை படும் இடத்தில் வேண்டாம். ரெசினுக்கும் மரத்துக்கும் இடையே நீர் தங்கும், நீங்கள் காப்பாற்ற நினைத்த மரமே அங்கே அழுகும்.

அடிச்சட்டத்தை மாற்றுவது இதே முறைதான், ஆனால் துண்டு துண்டாக. ஒரு நீளத்தை எடுத்து, அடிமேடையைச் சுண்ணாம்புச் சாந்தில் சமன்செய்து, புதிய ஓக் வைத்துப் பாரம் இறக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அதன்மேல் நிற்கும் தூண்களுக்கான குழிகளில் வடிதுளை விடுங்கள்.

வரிச்சும் மண்ணும் சுண்ணாம்பும்

நம் ஊர் மண் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. மேல் மரத்தின் துளையில் ஓக் கழியைச் செருகி, கீழ்க் காடியில் தட்டி நிறுத்துவார்கள். கழிகளின் ஊடே ஹேசல் மர வரிச்சைப் பாய் முடைவதுபோல் பின்னுவார்கள். களிமண் கலந்த அடிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச்சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து இருபுறமும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எதிரெதிராக அப்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் இரண்டும் ஒட்டும். மண் காயும்போது வெடிக்கும். நனைத்து மறுபடி அழுத்துங்கள். சட்டத்தோரம் விழும் இடைவெளியை மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பலாம்.

நல்ல நிலையிலுள்ள பழைய மண் பலகத்தை உடைக்க வேண்டாம். உதிர்ந்த இடத்தை மட்டும் நனைத்து, உதிர்ந்த அதே மண்ணைக் குழைத்து அப்பலாம். செங்கல் நிரப்பியிருந்தால், அது எடை கூட்டிச் சட்டத்தை வளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வளைக்கவில்லை என்றால் அதுவும் வரலாறுதான், இருக்கட்டும்.

மேல்பூச்சு: நீற்றிச் சேறாக மூன்று மாதமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, முனைமழுங்காத மணல் மூன்று பங்கு, ஆட்டு மயிர். கரண்டியைத் தூக்கினால் விளிம்பில் மயிர் அடர்த்தியாகத் தொங்க வேண்டும். முதல் இரண்டு பூச்சு 8 முதல் 10 மி.மீ., கடைசி 3 மி.மீ. பூச்சு மரத்தின் முகத்தைவிட ஒரு மி.மீ.கூட முன்னே வரக் கூடாது. வந்தால் அதன் தலையில் நீர் தங்கி மரத்துக்குள் போகும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் பூச்சு வேலை செய்யாதீர்கள். வெயிலும் காற்றும் இருந்தால் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். பிறகு பால்போல மெல்லிய சுண்ணாம்பு நீர் ஐந்து கை. தடித்து அடித்தால் உரியும்.

சிமெண்ட்டை அகற்றும்போது ஒரு சிறு பலகத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். உளியும் சுத்தியலும்தான். வெட்டுச் சக்கரம் ஒரு நொடி தவறினால் மரத்தில் நிரந்தரத் தழும்பு. கறுப்புப் பூச்சை மணல் வீச்சால் நீக்குவது இன்னும் கொடுமை: தச்சர் எண், வாய்ச்சித் தடம், பேய் அண்டாமல் கீறிய வட்டப்பூக் குறி, மெழுகுவர்த்திச் சூட்டுத் தடம் எல்லாம் ஒரு மதியத்தில் போய்விடும்.

குளியலறையும் தீயும்

விருந்தாளிக்கு அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும். 150 லிட்டர் நீர் 150 கிலோ. தொட்டி, ஆள், தரை ஓடு சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். அதைப் படுத்த தளக்கட்டையின் நடுவே வைக்காமல் முதன்மை உத்தரத்தின் மேலோ ஓரத்திலோ அமையுங்கள். இயன்றவரை நீர்த்தூவியோடு நிறுத்துங்கள். குழாய்கள் கட்டைகளுக்கு இணையாக ஓடட்டும். கட்டையின் தலையில் குழாய்க்காகப் பள்ளம் வெட்டுவது பழைய தளங்களை அதிகம் பலவீனப்படுத்திய பழக்கம். வேறு வழியில்லாவிட்டால் பழைய தளத்தின் மேல் மேடை கட்டி அதற்குள் குழாயை ஓட்டுங்கள். ஈரக்காற்றை நேரே வெளியே தள்ளும் விசிறி வைக்காத குளியலறை, ஐந்தாண்டில் பின்சுவரின் சட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கனத்த ஓக் நிமிடத்துக்கு அரை மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே கரியாகும்; அரைமணி நேரத்தில் சுமார் 17 மி.மீ. ஆகவே பெரிய உத்தரம் உடனே விழாது. சட்டத்தைவிட அதன் இடைவெளிகளில்தான் ஆபத்து: மெல்லிய வரிச்சுப் பூச்சுக் கூரையின் பின்னுள்ள வெறுமை, தடுப்பில்லாமல் பல வீடுகளுக்குத் தொடர்ந்து ஓடும் பரண், குழாய் போன வழி. எக்ஸிடர் நகரின் ராயல் கிளாரன்ஸ் விடுதி 2016 அக்டோபரில் எரிந்தது பக்கத்துக் கட்டடத்தில் பிடித்த தீயால். எனவே ஒவ்வோர் அங்கணத்திலும் பரணைத் தடுத்து மூடுங்கள், குழாய்த் துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடையுங்கள், பின்னால் நுழைத்த புகைபோக்கியை உள்ளே படக்கருவி விட்டுப் பாருங்கள். பழைய செங்கல்லின் சாந்து உதிர்ந்த இடத்தில் உத்தரத்தின் நுனி நேரே புகைவழிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது உண்டு. விறகு அடுப்புக்கு உள்குழாய் போடாமல் அனுமதிக்காதீர்கள். தங்கும் விடுதி என்பதால் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணைப்படி ஆபத்து மதிப்பீடு கட்டாயம். பழைய கதவுகளை எறியாமல் தீப்பூச்சும் சூட்டில் விரியும் விளிம்புப் பட்டையும் கொடுத்துத் தரம் உயர்த்த முடியுமா என்று மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே கேளுங்கள்.

நவம்பரில் இலை உதிர்ந்து முடிந்ததும் கூரைப் பள்ளங்களையும் மழைக்குழாய்களையும் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த பலத்த மழையில் குடையோடு வெளியே நின்று, நீர் எங்கே குதிக்கிறது, எந்தச் சட்டத்தின் மேல் விழுகிறது என்று அங்கண வரைபடத்தில் குறியுங்கள். ஏப்ரலில் அதே இடங்களில் ஈரமானி வையுங்கள். அளவு இறங்கியிருந்தால் அந்த ஆண்டு உளிக்கு வேலையில்லை.